ஓட்டுக்கு அடியில்

பொதுக்காலம் 6-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
லேவி 13:1-2, 44-46, திபா 32, 1 கொரி 10:31 – 11:1, மாற் 1:40-45



இன்றைய முதல் வாசகத்தில் ஒரு தாவல் இருந்தது, கவனித்தீர்களா? லேவியர் நூல் 13-ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களை வாசித்துவிட்டு நேராக 44-ஆம் வசனத்துக்குப் போய்விட்டோம். வாசக நூலைத் தொகுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நடுவில் கிடப்பது கொப்புளம், தீக்காயம், தலைச்சொறி, தாடிப் படை, வழுக்கை என்று நீண்டுகொண்டே போகிற பட்டியல். அதைப் பீடத்தில் நின்று முழுக்க வாசித்தால் பாதிப் பேர் நெளிவீர்கள், மீதிப் பேர் கடிகாரம் பார்ப்பீர்கள்.

ஆனால் அந்த நடுப்பகுதியை விட்டுவிட்டால் லேவியர் நூலுக்கு நாம் அநியாயம் செய்துவிடுகிறோம். தொடக்கமும் முடிவும் மட்டும் காதில் விழுந்தால் என்ன தோன்றும்? உடம்பில் ஒரு தடிப்பு வந்தால் ஆளைக் குருவிடம் இழுத்துப் போ, உடையைக் கிழி, பாளையத்துக்கு வெளியே தள்ளு, அவ்வளவுதான் என்று தோன்றும். நடுவில் நடப்பது வேறு. அங்கே குரு உட்கார்ந்து பார்க்கிறார். நோய் தோலின் மேலோடு நிற்கிறதா, தோலைவிட ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். அந்த இடத்து உரோமம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறார். சரியாகத் தெரியவில்லை என்றால் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. ஏழு நாள் தனியே வைத்து, ஏழாம் நாள் திரும்ப வந்து பார்க்கிறார். அப்போதும் தெளிவில்லையா? இன்னும் ஏழு நாள். கடைசியில் அது வெறும் தேமல்தான் என்றால், உனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுகிறார்.

அந்தப் பொறுமையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஆமை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லும் ஊரில் கோவிலுக்குள்ளேயே ஆமையைக் கொண்டுவருகிறாரே சாமி என்று யாராவது முணுமுணுக்கலாம். பரவாயில்லை, புகட்டும்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் என்று ஒரு மாநிலம். தலைநகரம் இல்லை, அது வேறு. இது பசிபிக் கடலோரம். அங்கே குளம் குட்டைகளில் வாழும் சின்ன ஆமை இனம் ஒன்று உண்டு. மேற்கத்தியக் குளத்து ஆமை என்பார்கள். ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தவை. மனிதர் பிடித்துத் தின்றார்கள், சதுப்பு நிலங்களைத் தூர்த்தார்கள், கிழக்கிலிருந்து பெருந்தவளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சு ஒரு நாணயம் அளவே இருக்கும். பெருந்தவளைக்கு அது ஒரு வாய்க்குத்தான் காணும். 1990 வாக்கில் அந்த மாநிலம் முழுவதிலும் மிஞ்சியவை ஏறக்குறைய 150. 1991-இல் சியாட்டில் நகரத்து வுட்லேண்ட் பார்க் விலங்குக்காட்சிசாலையும் மாநில வனவிலங்குத் துறையும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கின. பின்னர் ஒரிகன் விலங்குக்காட்சிசாலையும் சேர்ந்துகொண்டது. குஞ்சுகளை எடுத்துவந்து, குளிர்காலம் முழுக்கத் தூங்கவிடாமல் வெதுவெதுப்பான இடத்தில் வெளிச்சம் போட்டுத் தீனி கொடுத்து வளர்ப்பார்கள். பத்து மாதத்தில் மூன்று வயது ஆமையின் பருமன் வந்துவிடும். தவளை விழுங்க முடியாத அளவு. அப்போது குளத்தில் விடுவார்கள். இப்படி இதுவரை 2000-க்கும் மேல் விட்டிருக்கிறார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு, குளத்தில் விட்ட ஆமைகளைப் பிடித்துப் பரிசோதித்தபோது ஓடுகளில் குழி விழுந்திருப்பதைக் கண்டார்கள். அதுவும் பெரும்பாலும் வயிற்றுப் பக்கத்து ஓட்டில். வெளியே பார்த்தால் ஒரு வெளிறிய திட்டு, ஓரம் லேசாகத் தூக்கியிருக்கும், அவ்வளவே. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அடியில் எலும்பு அரித்துப்போயிருக்கிறது. முற்றிய நிலையில் குழி ஓட்டைத் துளைத்து உடலுக்குள் இறங்குகிறது; கால்கள் செயலிழக்கலாம், உயிரும் போகலாம். 2019-இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய புண்களிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்து எமிடோமைசிஸ் டெஸ்டவோரன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வாஷிங்டன் ஆமைகளிடம் மட்டுமில்லை, வேறு பல நன்னீர் ஆமைகளிடமும் அது இருக்கிறது. நம் நகத்தில் இருக்கிற அதே கெரட்டினைத்தான் அது தின்று வாழ்கிறது.

ஓடு என்றால் நாம் நினைப்பது ஆமை மாட்டிக்கொண்டிருக்கிற ஒரு கவசம். கேலிச்சித்திரங்களில் ஆமை அதைக் கழற்றி வைத்துவிட்டு நடப்பதைப் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மை அப்படியில்லை. ஓடு அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும்தான், ஐம்பது எலும்புகளுக்குமேல் ஒன்றாகக் கூடிப் பரந்து நிற்கிறது. அதன்மேல் மெல்லிய கெரட்டின் தகடுகள். அடியில் இரத்தமும் நரம்பும் ஓடுகின்றன. ஓட்டைத் தொட்டால் ஆமைக்குத் தெரியும். ஓடு புண்ணானால் வலிக்கும். ஆகவே ஓட்டுநோய் என்பது சட்டையில் விழுந்த கிழிசல் அல்ல, எலும்பில் விழுந்த நோய்.

இப்போது இன்றைய பதிலுரைப் பாடலுக்கு வாருங்கள். திருப்பாடல் 32. அதிலும் நாம் பாடாமல் விட்ட வசனம் ஒன்று இருக்கிறது, மூன்றாவது வசனம். வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். தாம் செய்த பாவத்தை வெளியே சொல்லாமல் அடக்கி வைத்திருந்த காலத்தைப் பற்றி ஒருவர் பேசுகிறார். அந்த நாள்களில் தமக்குள் தேய்ந்தது எது என்று அவர் சொல்கிறார் தெரியுமா? மனம் என்று சொல்லவில்லை, எலும்பு என்கிறார். வெளியே அவர் நல்லவராகத்தான் நடமாடியிருப்பார். கோவிலுக்குப் போயிருப்பார், காணிக்கை போட்டிருப்பார். உள்ளே எலும்பு.

சிகிச்சை எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆமைக்கு மயக்க மருந்து கொடுத்து மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். தூக்கி நிற்கும் தகட்டின் ஓரத்தை நெம்பினால் அது கழன்று வருகிறது. அடியில் பழுப்பும் வெள்ளையுமாக, உதிர்கிற மாதிரியான செத்த பொருள் அடைத்துக் கிடக்கிறது. அதைச் சுரண்டி எடுக்கிறார்கள். பிறகு பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னச் சுழல் கருவியால் அரித்துப்போன எலும்பைச் சீவுகிறார்கள். எவ்வளவு சீவுவது? நல்ல எலும்பு வரும்வரை. சீவச் சீவ ஓரிடத்தில் பொட்டுப் பொட்டாக இரத்தம் கசியும். அங்கே நிறுத்த வேண்டும். இரத்தம் வருகிற இடம் உயிருள்ள இடம். அனுபவமில்லாதவர்கள் இரத்தத்தைக் கண்டதும் பயப்படுவார்கள். மருத்துவருக்கோ அப்போதுதான் மூச்சு வருகிறது. எடுத்ததில் ஒரு துணுக்கைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். பூஞ்சையா பாக்டீரியாவா என்று தெரியாமல் மருந்து போட்டால் வீண். பிறகு நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவி, பூஞ்சைக்கொல்லி மருந்து தருகிறார்கள். அயோடின் எவ்வளவு நீர்க்க வேண்டும் என்றால், வெளிறிய தேநீர் நிறத்தில் இருக்க வேண்டும். கெட்டியாக ஊற்றினால் புதிதாக வளரும் திசுவும் எரிந்துபோகும்.

அதன்பிறகுதான் உண்மையான வேலை. ஆமையை உலர்வாக வைக்க வேண்டும். தண்ணீரில் வாழ்கிற பிராணியை நாளில் பெரும்பகுதி தண்ணீருக்கு வெளியே வைக்க வேண்டும். அதற்காக ஒரேயடியாக வெளியே வைத்துவிடவும் முடியாது. நீர் ஆமைகள் தண்ணீருக்குள் இருந்தால்தான் இரையை விழுங்கும். ஆகவே தினமும் கொஞ்ச நேரம் தண்ணீரில் விட்டு, தின்னக் குடிக்க வைத்து, எடுத்துத் துடைத்து, மருந்து போட்டு, வெப்ப விளக்கின் கீழ் விட வேண்டும். மறுநாளும் அதே. ஆமைக்குத் தன் உடம்பில் சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. வெளியிலிருந்து வெப்பம் கிடைத்தால்தான் அதன் எதிர்ப்புச் சக்தி வேலை செய்யும், புண் ஆறும். குளிரில் வைத்து எத்தனை விலை உயர்ந்த மருந்து போட்டாலும் பயனில்லை. எலும்பு மூட மாதங்கள் ஆகும். பெரிய குழி என்றால் ஆண்டுகள்கூட ஆகும். அத்தனை நாளும் யாரோ ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லேவியர் நூலின் ஏழாம் நாள் நினைவுக்கு வருகிறதா?

இதற்கு நேர் எதிரான வைத்தியமும் உண்டு. வீட்டில் ஆமை வளர்க்கிறவர்கள் சிலர் ஓட்டில் புண்ணைக் கண்டதும் எண்ணெயோ வாசலினோ தடவிவிடுகிறார்கள். ஓடு பளபளவென்று ஆகிவிடும். புண் தெரியாது. காற்றுப் புகாத அந்தப் பூச்சுக்கு அடியில், ஈரத்தில், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எரேமியா 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் குருக்கள்மீதும் இறைவாக்கினர்மீதும் கோபப்படுவது இதற்குத்தான்: மக்களின் காயத்தை மேலோட்டமாகக் குணப்படுத்திவிட்டு, எல்லாம் சுகம் என்று சொல்லிவிட்டார்கள். எசேக்கியேலும் 13-ஆம் அதிகாரத்தில் உறுதியில்லாத சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறார்.

நம் வீடுகளில் இந்தப் பூச்சு வேலை எவ்வளவு நடக்கிறது! மகன் குடிக்கிறான் என்று தாய்க்குத் தெரியும். "அவனுக்கு உடம்புக்கு முடியலை சாமி" என்று அன்பியக் கூட்டத்தில் சொல்லிவிடுவார். மருமகளின் கையில் காயம் இருக்கும்; குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வார்கள். வட்டிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கும். மகள் புதுநன்மைக்கு ஊரைக் கூட்டி விருந்து வைப்பார்கள். பங்கிலும் இதுதான். இரண்டு குடும்பங்களுக்குள் சண்டை என்றால், திருவிழா நெருங்குகிறது, தேர் ஓட வேண்டும் என்பதற்காகக் கோவில் வாசலில் கைகுலுக்க வைத்து அனுப்பிவிடுகிறோம். எங்களைப் போன்ற குருக்களும் அதைச் சமாதானம் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறோம். அடுத்த ஆண்டு அதே சண்டை கல்லறைத் தோட்டத்தில் வெடிக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, சரி, எல்லோருடைய ஓட்டையும் நெம்பிப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று கிளம்பிவிடாதீர்கள். ஆமை ஓட்டில் காண்கிற எல்லா வெள்ளையும் நோயில்லை. உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். வளர்கிற ஆமை பழைய தகடுகளை மெல்லிய கண்ணாடித் தாள்போல உரித்துப் போடும், அது வளர்ச்சி. பச்சைப் பாசி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இது தெரியாமல் பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துத் தேய்த்து நல்ல ஓட்டைப் புண்ணாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். லேவியர் நூலின் குரு தேமலைக் கண்டு "இது தீட்டு இல்லை" என்று சொன்னாரே, அதுவும் அவருடைய கடமைதான். பிள்ளை கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்தால் போதும், என்னமோ ஆகிவிட்டது என்று கைப்பேசியைப் பிடுங்கிச் சோதனை போடுகிற பெற்றோர் இங்கே இருக்கிறீர்கள். அது உரிகிற வயது. கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள்.

நம் பீடச் சிறுவர்களில் ஒரு தம்பி கண்ணாடித் தொட்டியில் சிவப்புக் காது ஆமை வளர்க்கிறான். அவனுக்காகவும், அவனைப் போல வளர்க்கிற மற்றவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. ஓடு கெடுவதற்குப் பெரும்பாலும் நாம்தான் காரணம்: மாற்றாத தண்ணீர், ஏறி உலர ஒரு கல்கூட இல்லாத தொட்டி, வெயில் படாத மூலை, சுண்ணாம்புச் சத்து இல்லாத தீனி. ஜன்னல் கண்ணாடி வழியாக விழும் வெயில் போதாது. ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதற்கென்று விற்கிற விளக்கை வாங்கினாலும், அது எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் சில மாதங்களில் அந்தக் கதிர் குறைந்துவிடும். வெளிச்சம் அப்படியே இருக்கும், பயன் இருக்காது. (இதைப் படித்தபோது எனக்கு ஆமை நினைவு வரவில்லை, பல ஆண்டு குருத்துவப் பணி செய்தவர்கள்தாம் நினைவுக்கு வந்தார்கள். மேலே சொல்ல விரும்பவில்லை.) ஓடு மெத்தென்றோ, நாற்றமடித்தோ, குழி விழுந்தோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோ, நீயாகச் சுரண்டாதே. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவு, ஆமைகளிடம் சால்மோனெல்லா கிருமி உண்டு. முக்கியமாக, அலுத்துப்போய்விட்டது என்று ஊர்க் குளத்தில் விட்டுவிடாதே. அது அமெரிக்க ஆமை. உலகத்தின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. நம் குளத்து ஆமையின் இடத்தையும் இரையையும் அது பறித்துக்கொள்ளும்.

ஒரு கேள்வி இங்கே பலருக்கு எழுந்திருக்கும். மனிதனே ஸ்கேன் எடுக்கக் காசில்லாமல் அரசு மருத்துவமனை வராந்தாவில் படுத்திருக்கிறான், ஆமைக்கு ஸ்கேனா? நியாயமான கேள்விதான். கேட்கிறவர் ஏழையாக இருந்தால் அவர்முன் நான் தலைகுனிந்து நிற்பேன். ஆனால் வசதியோடு இருந்துகொண்டு ஏழையின் பெயரைச் சொல்லி ஆமையை விரட்டுகிறவர்கள், ஆமையை விரட்டிய கையோடு ஏழையிடம் போனதாக நான் பார்த்ததில்லை. ஓய்வுநாளில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே என்று இயேசு கேட்டது, கூனிப்போன ஒரு பெண்ணை நிமிர்த்தியதற்காகத் தம்மைக் குறை சொன்னவர்களிடம். மாட்டுக்கும் பெண்ணுக்கும் நடுவில் போட்டி வைக்க அவர் வரவில்லை. மாட்டிடம் இளகுகிற மனம் அந்தப் பெண்ணிடமும் இளக வேண்டும் என்றே வாதாடினார். நோவாவோடு செய்த உடன்படிக்கையையும் எடுத்துப் பாருங்கள். தொடக்க நூல் 9-ஆம் அதிகாரத்தில் கடவுள் நோவாவோடு மட்டும் ஒப்பந்தம் செய்யவில்லை, பேழையிலிருந்து இறங்கிய ஒவ்வோர் உயிரோடும் செய்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய லவ்தாத்தோ சீ மடலில் படைப்பின் அழுகையும் ஏழைகளின் அழுகையும் சேர்ந்தே கேட்க வேண்டியவை என்றுதான் சொல்கிறார். அதோடு வாஷிங்டன் ஆமைகளின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அவற்றைத் தின்றது மனிதர், குளத்தைத் தூர்த்தது மனிதர், தவளையைக் கொண்டுவந்தது மனிதர். ஆகையால் இன்று அங்கே நடப்பது தர்மம் அல்ல, கடன் தீர்த்தல். சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றாரே, அந்த வகை.

இனி நற்செய்திக்கு வருகிறேன். தொழுநோயாளர் இயேசுவிடம் வந்து முழந்தாள்படியிடுகிறார். இயேசு கையை நீட்டித் தொடுகிறார். ஒரு சொல்லே போதும் என்று நமக்குத் தெரியும். தூரத்திலிருந்தே சிலரைக் குணமாக்கியவர். ஆனாலும் தொடுகிறார். பிறகு, போய்க் குருவிடம் காட்டு என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறார். இதை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். ஆண்டவரே குணமாக்கிவிட்டாரே, இன்னும் எதற்குக் குரு? லேவியர் நூலின்படி மறுபடி ஒருவர் உட்கார்ந்து, உற்றுப் பார்த்து, இவர் ஊருக்குள் வரலாம் என்று சொல்ல வேண்டும். ஆமையைக் குளத்தில் திரும்ப விடும்வரை சிகிச்சை முடிவதில்லை. விட்ட பிறகும் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறார்கள். தொழுநோயாளரும் ஊரிலே, உறவிலே, வேலையிலே திரும்பச் சேரும்வரை குணமானவர் ஆவதில்லை. குடியை விட்டு வந்த மனிதரை நாம் கோவிலில் எங்கே உட்கார வைக்கிறோம்? மறுவாழ்வு மையத்திலிருந்து வந்து பல மாதமாயிற்று, இன்னும் பாடகர் குழுவில் அவரைச் சேர்க்கவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மாற்கு இந்தக் கதையை முடிக்கிற விதத்தைப் பாருங்கள். வெளியே கிடந்தவர் ஊருக்குள் போய்விட்டார், எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். ஊருக்குள் இருந்த இயேசு வெளியே, ஆளில்லாத இடங்களில் தங்க வேண்டியதாயிற்று. இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். நம் காயத்தைத் தொடுகிறவருக்கு அதனால் ஒரு செலவு உண்டு.

வருகிற புதன் திருநீற்றுப் புதன். நாற்பது நாள் உலர்ந்த இடத்துக்குப் போகிறோம். தவக்காலத்தில் கறியை விட்டோமா, காபியை விட்டோமா என்பதை நான் கேட்கப்போவதில்லை. அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரிலிருந்து எடுத்து வைத்த ஆமை முதல் நாள் தவிக்கும், தொட்டியின் சுவரில் முட்டும். உங்களுக்கும் முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். ஆனால் உண்ண மட்டும் தண்ணீருக்குத் திரும்பி வாருங்கள்: ஞாயிறு நற்கருணையை விட்டுவிடாதீர்கள்.

பாவசங்கீர்த்தனத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதைக்கு முன் உட்கார்ந்திருப்பேன். வரிசை நீளமாக இருக்கிறதே என்று அவசர அவசரமாக நாலு பாவத்தை ஒப்பித்துவிட்டு ஓட வேண்டாம். பேச நேரம் வேண்டியவர்கள் திங்கள் மாலை வாருங்கள், அன்று கூட்டம் இருக்காது. வெளியூர் சாமியிடம் சொன்னால்தான் மனம் ஒப்பும் என்றால் மூன்றாம் வாரத் தியானத்துக்கு வருகிற குருவிடம் சொல்லுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். இன்று நோயாளர்களுக்காகச் செபிக்கிற நாள் என்பதால் திருப்பலி முடிந்ததும் நோயிற்பூசுதல் இருக்கிறது. பெயர் கொடுத்தவர்கள் முன்வரிசையில் அமருங்கள். பெயர் கொடுக்கக் கூச்சப்பட்டவர்கள் பக்கவாசல் அருகே நின்றாலும் போதும், நான் அங்கே வருகிறேன்.

எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை சொல்வோம்.